பீட்டர் சக்கரவர்த்தியின் படப் புத்தகம்

துர்கனேவ் என்னும் ருஷ்ய நாவலாசிரியர் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரபுக்களின் கூடு' என்ற நவீனத்தில் ஒரு சிறுவன் வருகிறான். லாவ்ரெட்ஸ்கி என்பது அவன் குடும்பப் பெயர். தாயை இழந்த பிள்ளை. தந்தையோ அயல்நாட்டு மோகத்தில் ஆழ்ந்தவர். பையனை வளர்க்கும் பொறுப்பு, சிரிப்பென்பதையே அறியாத அத்தை ஒருத்தியிடம் விடப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பூஜை முடிந்து வீடு திரும்பியதும் அவனுக்கு விளையாட அனுமதி உண்டு. விளையாட்டு என்றால் பந்தும் பம்பரமும் அல்ல. தடித்த பழம் புத்தகம் ஒன்றை எடுத்து அவன் மடியில் வைப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

அந்தப் புத்தகம் முழுவதும் படங்கள். குங்குமப்பூச் செடியும் வானவில்லும் சேர்ந்த படம் ஒன்று. அலகில் மலர் ஒன்றைக் கவ்விக்கொண்டு பறக்கும் நாரை ஒன்று. தன் குட்டியை நாவினால் நக்கிக்கொண்டிருக்கும் தாய்க் கரடி மற்றொன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து மொழிகளில் சிறு வாசகம் உண்டு. வாசகத்தைப் படித்தாலும் படம் விளங்காது. படத்தைப் பார்த்தாலும் வாசகம் விளங்காது. சிறுவன் அந்தப் படங்களை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்துவிடுகிறான். வேறு பொழுதுபோக்கு இல்லாத அந்த இளம் உள்ளத்தில் அவை என்னென்னவோ கனவுகளை எழுப்புகின்றன. துர்கனேவ் இந்தப் புத்தகத்தைக் கற்பனை செய்யவில்லை. தாம் பிள்ளைப் பிராயத்தில் இத்தகைய நூலொன்றை மணிக்கணக்கில் புரட்டிப் பார்த்ததை, 1840-ஆம் ஆண்டிலேயே நண்பர்களுக்கு எழுதிய கடிதமொன்றில் குறித்திருக்கிறார். நாவலில் வரும் புத்தகத்தின் பெயரும், பதிப்பித்தவர் பெயரும்கூட உண்மையானவையே.

ஒரு தேசத்தின் கண்ணையே மாற்ற முயன்ற புத்தகம் அது. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், இவ்வகை நூல் என்பது யாது? ஐரோப்பாவில் 1531-ஆம் ஆண்டில், மிலான் நகரத்தைச் சேர்ந்த அல்சியாத்தோ என்ற சட்ட நிபுணர் இயற்றிய சிறு நூல் ஒன்று ஆக்ஸ்பர்க் நகரில் அச்சாயிற்று. அதில் மேலே ஒரு சுருக்கமான வாசகம், நடுவிலே ஒரு படம், கீழே சில செய்யுள் அடிகள் என்று மூன்று உறுப்புகள் இருந்தன. மூன்றையும் சேர்த்து நோக்கினால்தான் பொருள் புலப்படும். படம் உடலென்றும் வாசகம் உயிரென்றும் அக்காலத்து அறிஞர்கள் கூறுவார்கள். இந்த நூலுக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் அனைத்திலும் நூற்றுக்கணக்கான சின்னப் புத்தகங்கள் பெருகின. அரசர்களின் மோதிரங்கள், பிரபுக்களின் மாளிகைச் சுவர்கள், படைகளின் கொடிகள், கல்லறைகள் யாவற்றிலும் இந்தப் படங்கள் ஏறின. படித்தவர் என்று பெயரெடுக்க வேண்டுமானால், நங்கூரத்தைச் சுற்றிய மீன் எதைக் குறிக்கிறது என்று கேட்டவுடனே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

ருஷ்யாவில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே படமென்றால் அது பூஜைக்குரிய திருவுருவப் படம். பலகையில் பொன் பின்னணியில் எழுதப்பட்ட கன்னி மரியாளையும் அடியார்களையும் மக்கள் வணங்கினார்கள், விளக்கேற்றினார்கள், முத்தமிட்டார்கள். அந்தப் படத்தை யாரும் விடுகதையாக அவிழ்ப்பதில்லை. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கை அசைவுக்கும் பரம்பரையாக வந்த பொருள் உண்டு. அதை மாற்றுவது பாவம். இங்கேதான் பின்னால் வந்த பிணக்குகளுக்கெல்லாம் வேர் இருக்கிறது. வணங்குவதற்காகப் படம் பார்த்துப் பழகிய கண்களின் முன்னே, புதிர் போடுவதற்காக எழுதப்பட்ட படங்களைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

அந்தப் புதுமையை முதன் முதல் மாஸ்கோவுக்குக் கொணர்ந்தவர் பீட்டர் அல்லர். அவருக்கு முன்பே, போலோட்ஸ்க் நகரத்திலிருந்து வந்த ஸிமியோன் என்ற துறவி ஒருவர் இருந்தார். கீவ் நகரத்துக் கலாசாலையில் லத்தீனும் கவிதையும் கற்ற இவர், 1664-ஆம் ஆண்டில் மாஸ்கோவுக்குக் குடியேறி, ஜார் அலெக்ஸியின் குழந்தைகளுக்கு ஆசிரியரானார். 1667-இல் பட்டத்து இளவரசரை அறிவித்த வைபவத்துக்கு 'ருஷ்யக் கழுகு' என்றொரு காவியம் எழுதி அளித்தார். அதில் இரட்டைத் தலைக் கழுகு சூரியனுக்குள் நிற்கும். சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள் விளங்கும். செய்யுள் ஒன்று இருதய வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டுச் சித்திரகவிகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மாஸ்கோவாசிகளுக்கோ அது இந்திரஜாலமாக இருந்தது.

இதே ஸிமியோன் 1679-இல் கிரெம்லின் அரண்மனைக்குள்ளேயே ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். தலைமைக் குருவின் அதிகாரத்துக்கு அது உட்படவில்லை. அங்கிருந்து வெளிவந்த நூல்களில் ஒன்று 'வர்லாம், யோவாஸப் சரித்திரம்'. இந்திய தேசத்து ராஜகுமாரன் ஒருவன், நோயாளியையும் முதியவனையும் கண்டு உலக வாழ்வை வெறுத்துத் துறவு பூண்ட கதை அது. யோவாஸப் என்ற பெயர் 'போதிசத்வர்' என்ற சொல்லின் திரிபு என்பதையும், கதை புத்தர் பெருமானின் சரித்திரமே என்பதையும் ஐரோப்பிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் உணர்ந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே ருஷ்யத் தேவாலயம் அந்த ராஜகுமாரனைத் தன் அடியார் வரிசையில் சேர்த்து வழிபட்டு வந்தது! அந்த நூலின் முகப்புக்கு, புகழ்பெற்ற திருவுருவ ஓவியர் ஸைமன் உஷாகாவ் படம் வரைந்தார்; செப்புத் தகட்டில் செதுக்கியவர் த்ருக்மென்ஸ்கி. முகப்பில் நிற்பவை இரண்டு உருவங்கள்: ஒன்று சமாதானம், மற்றொன்று போர். அடியார்களுமல்ல, தேவதூதர்களுமல்ல, கருத்துக்களுக்கு மனித வடிவம் கொடுத்திருக்கிறார்கள். சாக்கிய குமாரனின் கதைப் புத்தகத்தின் வாயிலிலே இந்தப் புதிய கலை ருஷ்யாவில் காலடி வைத்ததென்பது எனக்கு மிகவும் உவப்பான செய்தி. ஸிமியோன் 1680-இல் காலமானார். மூன்றாண்டுகளுக்குப் பின் தலைமைக் குரு யோவாகீம் அந்த அச்சுக்கூடத்தை மூடிவிட்டார்.

* * *

இனி பீட்டர். 1697-இல் இளம் ஜார் பீட்டர், 'பீட்டர் மிஹாய்லவ்' என்ற பொய்ப் பெயருடன் ஹாலந்து தேசத்துக்குச் சென்று, ஆம்ஸ்டர்டாமில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் துறையில் கோடாரி பிடித்துத் தச்சு வேலை கற்ற கதை எல்லாரும் அறிந்தது. அந்நாளில் நம் நாகப்பட்டினத்தைக் கைக்குள் வைத்திருந்ததும் அதே டச்சுக் கம்பெனிதான். அந்தப் பயணத்தின்போது பீட்டர் உபயோகித்த முத்திரையில், தாம் மாணாக்கர் வரிசையில் நிற்பதாகவும் ஆசிரியர்களைத் தேடுவதாகவும் பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான மக்களுக்கு அதிபதி தம்மைப் பள்ளிப் பிள்ளையாகச் சொல்லிக்கொள்வதற்கு ஒரு மனம் வேண்டும்.

கப்பல் கட்டக் கற்றவர், கப்பலின் பின்புறத்தில் செதுக்கியிருந்த உருவங்களையும் கவனித்தார். நாடு திரும்புமுன்பே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: ஐரோப்பாவோடு பழக வேண்டுமானால் அதன் பாஷைகளைக் கற்பது மட்டும் போதாது; அதன் படப் பாஷையையும் கற்றாக வேண்டும். 1700-ஆம் ஆண்டில் யான் தெஸ்ஸிங் என்ற ஆம்ஸ்டர்டாம் வர்த்தகருக்கு ருஷ்ய மொழியில் புத்தகம் அச்சிடும் உரிமையை அளித்தார். தெஸ்ஸிங் அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஆயினும் வேலை நிற்கவில்லை. 1705-இல் அதே நகரத்தில் வெட்ஸ்டைன் என்பவரின் அச்சுக்கூடத்திலிருந்து 'சின்னங்களும் அடையாளங்களும்' என்ற பெரிய நூல் வெளியாயிற்று. முகப்பில் பீட்டரின் உருவப்படம். உள்ளே 840 சின்னங்கள், பக்கத்துக்கு ஆறு வட்டங்களாக. எதிர்ப்பக்கத்தில் ருஷ்ய மொழியிலும் லத்தீன் முதலான ஐரோப்பிய மொழிகளிலும் வாசகங்கள்.

இந்த நூல் புதிதாக ஆக்கப்பட்டதன்று. தானியேல் தெ லா ஃபெய் என்ற சித்திரச் செதுக்கர் 1691-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பிரெஞ்சுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டதே பெரும்பகுதியும். அந்தத் தொகுப்பும் பல நூல்களிலிருந்து திரட்டியதுதான். இப்படிக் கடன் வாங்கியதில் பீட்டருக்கு வெட்கமில்லை. பீரங்கி வார்ப்பையும் கடன் வாங்கினார், காலண்டரையும் கடன் வாங்கினார், படங்களையும் வாங்கினார்.

அதற்கப்புறம் படங்கள் புத்தகத்தில் தங்கவில்லை. கப்பல்களிலும் படைக் கொடிகளிலும் வெற்றி வளைவுகளிலும் பாய்ந்தன. பீட்டரின் சொந்த முத்திரை ஒன்றில் சிற்பி ஒருவன் உளியும் சுத்தியும் ஏந்தி, பாறையிலிருந்து ஒரு பெண்ணுருவைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். சிற்பி பீட்டர், பெண் ருஷ்யா. இதே காட்சியை இத்தாலியச் சிற்பி ரஸ்த்ரெல்லி தாம் செய்த பீட்டரின் வெண்கல மார்பளவுச் சிலையில் கவசத்தின்மேல் சிறிய புடைப்புச் சித்திரமாகப் பதித்திருக்கிறார். அச்சிலை இன்றும் ஹெர்மிடேஜ் காட்சிசாலையில் இருக்கிறது. கல்லைச் செதுக்கினால் சிலை வரும், உண்மைதான். ஆனால் உளி விழும்போது கல்லுக்கு வலிக்குமா என்று முத்திரை கேட்பதில்லை. சதுப்பு நிலத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை எழுப்பக் கட்டாயமாய் இழுத்து வரப்பட்டுக் குளிரிலும் நோயிலும் மாண்ட குடியானவர்கள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கக்கூடும்.

மக்கள் இவற்றையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள்? 1696-இல் அஸோவ் கோட்டையைப் பிடித்துத் திரும்பிய படைக்கு மாஸ்கோவில் கட்டிய வெற்றி வாயிலில் ஹெர்குலிஸ், மார்ஸ் என்னும் புறச்சமயத் தெய்வங்களின் பிரம்மாண்ட உருவங்கள் நின்றன. சிலையென்றாலே விக்கிரகம் என்று கருதும் ஜனங்கள் அதைக் கண்டு எவ்வளவு திகைத்திருப்பார்கள் என்று யூகிக்கலாம். தலைமுறைக்கு முன்புதான், சிலுவைக் குறியிடும்போது இரண்டு விரலா மூன்று விரலா என்ற சர்ச்சையில் தேவாலயம் இரண்டாகப் பிளந்திருந்தது. பழைய முறையை விட மறுத்த அவ்வாக்கும் என்ற குரு, மேல்நாட்டு ரீதியில் கொழுகொழுவென்று எழுதும் புதிய திருவுருவங்களைக் கடுமையாகப் பழித்தவர். 1682-இல் அவரை உயிரோடு எரித்தார்கள். அவர் வழி வந்த பழைய நெறியினர் பீட்டரை அந்திக்கிறிஸ்து என்றே சொன்னார்கள்.

மாஸ்கோ கலாசாலையின் பண்டிதர்களுக்கு இந்த மனவருத்தம் தெரியும். ஆகவே வெற்றி வாயில்களுக்கு விளக்க நூல்கள் அச்சிட்டார்கள். 1704-இல் யோஸிப் துருபாய்ஸ்கி என்ற ஆசிரியர் எழுதிய விளக்கத்தில், இஃது எந்த அடியாரின் பெயராலும் எழுப்பிய கோயிலன்று, வீரச் செயலைப் பாராட்டும் உலகியல் மரியாதையே என்று பொறுமையாக எடுத்துரைத்திருக்கிறார். படத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கிறது. விளக்கத்தைப் படிக்கவோ பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. சக்கரவர்த்தி உரத்த குரலில் பேசிக்கொண்டே போகிறார். கேட்பவர்களுக்குப் பாஷை புரியவில்லை.

மக்களுக்கும் தங்கள் படங்கள் இருந்தன. சந்தையில் சில காசுக்கு விற்ற மரக்கட்டை அச்சுப் படங்கள் அவை. அவற்றில் மிகப் பிரசித்தமானது 'எலிகள் பூனையைப் புதைத்தல்'. பெரிய பூனை ஒன்று கால்கள் கட்டுண்டு வண்டியில் கிடக்கிறது. எலிகள் கூட்டங்கூட்டமாக வாத்தியம் முழக்கிக்கொண்டு இழுத்துச் செல்கின்றன. பூனைக்கு அளித்திருக்கும் பட்டங்களோ ஜாரின் பட்டங்களைக் கேலி செய்பவை. கஸான், அஸ்த்ரகான், ஸைபீரியா என்ற ராஜ்யப் பெயர்கள் எல்லாம் வருகின்றன. 1725-இல் இறந்த பீட்டரின் சவ ஊர்வலத்தைப் பழைய நெறியினர் இப்படிப் பரிகசித்தார்கள் என்று 1881-இல் ருஷ்ய மக்கள் படங்களைத் தொகுத்து வெளியிட்ட ரோவின்ஸ்கி முதலானோர் கருதினார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள், இந்தப் படத்தின் மூலப் பதிப்பு பீட்டர் இறப்பதற்கு முந்தியதென்று காட்டியிருக்கிறார்கள். எனினும் ஒன்று நிச்சயம்: படம் எப்போது பிறந்திருந்தாலும், அதை வாங்கிச் சுவரில் ஒட்டியவர்கள் தங்களுக்குத் தெரிந்த பூனை ஒன்றை அதில் கண்டிருப்பார்கள். இந்தப் படத்துக்கு ஐந்து மொழி விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

* * *

சின்னப் புத்தகம் தோற்றுவிட்டது என்று இதனால் சொல்லிவிட முடியாது. மெல்ல மெல்ல அது வீட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த வழிதான் விசித்திரமானது: குளிர்காய்வதற்குரிய அடுப்பின் வழியாக!

ருஷ்ய வீடுகளில் குளிர்காலத்து உயிர்நாடி, செங்கல்லால் கூரையைத் தொடும்படி கட்டிய கணப்பு அடுப்பு. வசதியுள்ளவர்கள் அதன் புறத்தே மெருகேற்றிய ஓடுகளைப் பதிப்பது வழக்கம். பீட்டரின் காலத்தில் ஹாலந்திலிருந்து நீல, வெள்ளை ஓடுகள் வந்தன. உள்நாட்டுக் குயவர்களும் அவ்வாறே செய்யத் தொடங்கினார்கள். ஓட்டுக்கு ஒரு படம் வேண்டுமே! குயவன் சின்னப் புத்தகத்தைத் திறந்தான். வில்லேந்திய காமன், சூரியனை நோக்கும் கழுகு, வேடிக்கையான மிருகங்கள், கப்பல்கள், எரியும் இருதயங்கள் எல்லாம் ஓட்டுக்கு ஒன்றாக ஏறின. படத்தின் கீழே வாசகமும் எழுதப்பட்டது. குயவனுக்கு எழுத்து அரைகுறையாகத் தெரியும். ஆதலால் வாசகங்களில் எழுத்துப் பிழைகள் மலிந்தன. சில இடங்களில் படம் ஒன்று சொல்ல வாசகம் வேறொன்று சொல்லும். இன்று காட்சிசாலைகளில் அந்த ஓடுகளைப் பார்ப்பவர்கள் அந்தப் பிழைகளைக் கண்டுதான் அதிகம் மகிழ்கிறார்கள். நீண்ட இரவுகளில் வெளியே பனி கொட்ட, அடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஓட்டிலே எழுத்துக் கூட்டிப் படித்த குழந்தைகள் எத்தனை பேரோ! வெற்றி வளைவால் ஆகாத காரியத்தை அடுப்பு செய்தது என்பது என் அபிப்பிராயம்.

பீட்டர் தாமும் ஒரு வகையில் இப்படிப் போதிக்க முயன்றதுண்டு. பீட்டர்ஸ்பர்க் கோடைத் தோட்டத்தில் ஈசாப்புக் கதைகளைச் சிறு சிறு நீரூற்றுச் சிற்பங்களாக அமைத்து, உலாவ வருவோர் கதையையும் அதன் கருத்தையும் அறிந்துகொள்ளப் பக்கத்தில் விளக்கப் பலகை நாட்டும்படி செய்தார். 1777-இல் வந்த பெரு வெள்ளம் அந்த நீரூற்றுக்களைச் சிதைத்துவிட்டது.

இன்னொரு நீரூற்றுக்கு ஆயுள் கெட்டி. 1709-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி, பழைய காலண்டர்படி அடியார் ஸாம்ஸனின் திருநாளன்று, பொல்டாவாப் போர்க்களத்தில் பீட்டர் சுவீடன் அரசரை முறியடித்தார். சுவீடனின் இலச்சினையில் சிங்கம் உண்டு. பைபிளில் சிங்கத்தின் வாயைக் கிழித்த வீரன் பெயரும் ஸாம்ஸன். அடியார் வேறு, வீரன் வேறு, பெயர் ஒன்று. போதாதா? அன்றுமுதல் ஸாம்ஸன் சிங்கத்தைப் பிளக்கும் காட்சி அந்த வெற்றியின் சின்னமாயிற்று. 1735-இல் பீட்டர்ஹாப் அரண்மனையின் முன் ஈயத்தால் ஆன ஸாம்ஸன் நிறுத்தப்பட்டான்; சிங்கத்தின் வாயிலிருந்து நீர் விண்ணை நோக்கிப் பீறிட்டது. ஈயம் நைந்துபோகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்பி கஸ்லோவ்ஸ்கி பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் புதிதாகச் செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பீட்டர்ஹாபைப் பிடித்திருந்தபோது அந்தச் சிலை மறைந்து போயிற்று. அரண்மனை சாம்பலாகக் கிடந்த நிலையில், ஸீமனவ் என்ற சிற்பி பழைய புகைப்படங்களின் உதவியால் மீண்டும் அதை உருவாக்கினார். 1947-இல் ஸாம்ஸன் மறுபடியும் சிங்கத்தின் வாயைப் பிளந்து நின்றான். இம்முறை பார்த்தவர்கள் அந்தச் சிங்கத்தைச் சுவீடன் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஊர்களுக்கு இலச்சினை வகுத்த கதையும் ருசியானது. 1722-இல் பீட்டர் இதற்கென ஓர் அலுவலகம் ஏற்படுத்தி, பிரான்செஸ்கோ ஸாந்தி என்ற இத்தாலியப் பிரபுவை அதில் நியமித்தார். அவர் ஒவ்வோர் ஊருக்கும் கேள்வித் தாள் அனுப்பினார்: உங்கள் ஊர் எப்போது தோன்றியது, பெயர் எப்படி வந்தது, அங்கே என்ன விளைகிறது, என்ன மிருகங்கள் உண்டு என்றெல்லாம் கேட்டிருந்தார். 1727-இல் அரண்மனைச் சூழ்ச்சியில் சிக்கி, குற்றவாளியாக ஸைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். எலிஸபெத் ராணியின் காலத்திலேதான் திரும்பினார். அவர் விட்ட வேலையைப் பிறர் தொடர்ந்தார்கள். பெயரைப் பார்த்தே படம் போட்ட ஊர்களும் உண்டு. க்ராபிவ்னா என்ற ஊருக்குச் செந்தட்டிச் செடி. வெலீக்கியே லூக்கிக்கு மூன்று வில். ஸுமி என்ற ஊருக்கு மூன்று பைகள். மூன்றிலும் ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் ருஷ்ய மொழியில் ஒரே ஒலி.

எல்லாவற்றிலும் வேடிக்கை இர்க்குட்ஸ்க் நகரத்தின் புலி. ஸைபீரியாவில் புலிக்குப் பழைய பெயர் 'பாப்ர்'. பாரசீகத்தில் புலியைக் குறிக்கும் சொல்லே அது. அந்நகரின் பழைய முத்திரையில் புலியொன்று மென்மயிர்க் கீரி ஒன்றை வாயில் கவ்விச் செல்லும். 1878-இல் தலைநகரத்து இலாகா ஒன்று இர்க்குட்ஸ்க் மாகாண இலச்சினையை ஒழுங்குபடுத்த முற்பட்டது. குமாஸ்தாக்களுக்குப் 'பாப்ர்' என்ற சொல் தெரியாது. 'போப்ர்' என்பது தெரியும். அது நீர்நாய் போல் ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்னும் பிராணி. மரப்பட்டை தின்னும் பீவர் எப்படிக் கீரியைக் கவ்வும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓவியன் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை வரைந்தான்: கறுப்பு உடல், புலியின் தலை, விரலிடைத் தோலுள்ள பாதங்கள், தட்டையான பெரிய வால். உலகத்தில் எங்குமே இல்லாத அந்த ஜந்துவை இர்க்குட்ஸ்க்வாசிகள் வெறுக்கவில்லை. 2012-இல் நகரத்தின் நடுவே அதற்கு வெண்கலச் சிலையே எடுத்துவிட்டார்கள்.

* * *

துர்கனேவின் சிறுவன் மடியிலிருந்த புத்தகத்தை மறந்துவிட்டோம். அஃது 1705-ஆம் ஆண்டுப் பதிப்பல்ல. 1788-இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியான புதிய பதிப்பு. அதைத் திருத்தி, சின்னங்களின் வரலாற்றைப் பற்றி முன்னுரை எழுதிச் சேர்த்தவர் ஒரு டாக்டர்! நெஸ்டர் மாக்ஸிமோவிச் என்பது அவர் பெயர். தந்தை பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றே ஆனபடியால் 'மாக்ஸிமோவிச் மாக்ஸிமோவிச்' என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே 'இருமுறை சொல்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களைச் சேர்த்து 'அம்போதிக்' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டார். புதிர் நூலைப் பதிப்பிக்க இவரைக் காட்டிலும் தகுதியுடையவர் யார்?

இவருடைய உண்மையான தொழில் பிரசவ வைத்தியம். அந்நாளில் அந்தச் சாஸ்திரத்தை ஜெர்மன் மொழியிலேதான் போதித்து வந்தார்கள். ருஷ்ய மருத்துவச்சிகளுக்கு ஜெர்மன் புரியாது. புரியாத போதனையின் பலனைத் தாய்மார்களும் சிசுக்களும் அனுபவித்தார்கள். அம்போதிக் தாய்மொழியிலேயே பிரசவ வைத்தியம் கற்பித்தார். 1784 முதல் 1786 வரை அத்துறையில் பெரிய நூலொன்றை ருஷ்ய மொழியில் வெளியிட்டார். அதற்கு வேண்டிய கலைச்சொற்களையும் தேடி உருவாக்கினார். இந்த முயற்சியும் சின்ன நூலும் எனக்கு ஒரே மனத்தின் இரு வேலைகளாகத் தோன்றுகின்றன. வெளியிலிருந்து வந்த அறிவு, பெற்றுக்கொள்பவனின் பாஷையில் பேசாவிட்டால் உதவாது என்பதை அவர் மருத்துவமனையில் கண்டறிந்திருந்தார். 1811-இல் அவருடைய சின்னப் பதிப்பு மறுபடியும் அச்சாயிற்று. கிராமத்துப் பண்ணை வீடுகளின் அலமாரிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த நூற்றாண்டில் சின்னங்கள் சக்கரவர்த்திகளின் கையிலிருந்து நழுவத் தொடங்கின. 1823 முதல் 1825 வரை ரைலேயவ், பெஸ்டுஷெவ் என்ற இரு இளைஞர்கள் 'துருவ நட்சத்திரம்' என்ற இலக்கிய ஆண்டு மலரை நடத்தினார்கள். 1825 டிஸம்பரில் இளம் அதிகாரிகள் ஜாரின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தபோது இருவரும் அதில் இருந்தார்கள். 1826 ஜூலை 13-ஆம் தேதி ரைலேயவ் உள்ளிட்ட ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் பெயரை அச்சில் உச்சரிப்பதே ருஷ்யாவில் குற்றமாயிற்று. இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. நாடு துறந்து லண்டனில் வாழ்ந்த ஹெர்ட்ஸன், 1855-இல் அதே 'துருவ நட்சத்திர'த்தை மீண்டும் தொடங்கினார். அட்டையில் அந்த ஐவரின் பக்கவாட்டு முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பழங்கால நாணயத்தில் காணும் அரசர் முகங்களைப் போல. மேலே ஒளிவிடும் நட்சத்திரம். லண்டனிலிருந்து ரகசியமாக ருஷ்யாவுக்குள் சென்ற பிரதிகளைக் கையிலெடுத்தவர்கள், உள்ளே ஒரு வரி படிக்குமுன்பே பொருளறிந்துகொண்டார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1905-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, அரசாங்கத்தின் கழுகையே சித்திரக்காரர்கள் கைவைத்தார்கள். இந்த இரட்டைத் தலைக் கழுகு 1497-இல் மூன்றாம் இவானின் முத்திரையில் தோன்றிய நாள் முதல் ருஷ்ய அரசின் அடையாளம். 'ஷூப்பல்' என்ற பரிகாசப் பத்திரிகையின் முதல் இதழில் க்ரெஜெபின் என்பவர் ஒரு கழுகு வரைந்தார். நேராகப் பார்த்தால் ராஜ்யக் கழுகு. தலைகீழாகத் திருப்பினால் கிரீடந்தரித்த ஒருவர் ஜனங்களுக்குத் தம் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதற்கு மேல் வருணிப்பது இந்தப் பக்கங்களுக்கு அழகன்று. மூன்றாம் இதழில், 1906 ஜனவரியில், தேவதைக் கதைகளுக்குப் படம் வரைந்து புகழ்பெற்ற பிலிபின், ராஜ சின்னங்களால் அலங்கரித்த கம்பீரமான சட்டத்துக்குள் ஒரு கழுதையை நிறுத்தினார். கீழே விலங்கியல் நூலில் காண்பதுபோல் அதன் லத்தீன் பெயரும், இயற்கை அளவில் எத்தனை பங்கு என்ற கணக்கும் இருந்தன. அவ்வளவே. கழுதை யாரென்று அவர் சொல்லவில்லை. போலீஸாருக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது! பத்திரிகை மூடப்பட்டது, பிலிபினும் காவலில் வைக்கப்பட்டார்.

1917-இல் ஜார் வீழ்ந்ததும் தற்காலிக அரசாங்கத்துக்கு ஓர் இலச்சினை வேண்டியிருந்தது. வரையும்படி யாரை அழைத்தார்கள் தெரியுமா? அதே பிலிபினைத்தான். அவர் கழுகை ஒழிக்கவில்லை. கிரீடங்களையும் செங்கோலையும் கோளத்தையும் நீக்கி, இறக்கைகளைத் தாழ்த்தி, பழைய மாஸ்கோ முத்திரையில் இருந்ததுபோல் எளிய பறவையாக ஆக்கினார். அந்தக் கழுகின் ஆட்சி சில மாதங்களே. 1918-இல் அரிவாளும் சுத்தியும் வந்தன. முதலில் வரைந்த மாதிரிகளில் வாள் ஒன்றும் இருந்தது. வாள் நமக்கு வேண்டாமென்று லெனின் அதை நீக்கச் சொன்னார். 1935-இல் கிரெம்லின் கோபுரங்களிலிருந்து பழைய கழுகுகளை இறக்கி நட்சத்திரங்களை ஏற்றினார்கள்.

பிலிபின் 1920-இல் நாட்டை விட்டு வெளியேறி, கெய்ரோவிலும் பாரிஸிலும் வாழ்ந்து, 1936-இல் லெனின்கிராடுக்குத் திரும்பினார். ஜெர்மானியர் நகரத்தை முற்றுகையிட்டபோது வெளியேற மறுத்து அங்கேயே தங்கிவிட்டார். 1942 பிப்ரவரியில், பட்டினியும் குளிரும் நகரத்தை வதைத்த அந்த மாரிக்காலத்தில், உயிர் நீத்தார். சோவியத் ராஜ்யம் மறைந்தபின் 1992-இல் ருஷ்ய மத்திய பாங்கு புதிய நாணயங்களை வெளியிட்டபோது, அவற்றில் பொறிக்க ஒரு பறவை தேவைப்பட்டது. கிரீடமின்றி, செங்கோலின்றி, இறக்கைகளைத் தாழ்த்திய பிலிபினின் கழுகையே எடுத்துக்கொண்டார்கள்.